அசற்றோன் ஆவியில யூவி பட்டா என்ன நடக்குது? அடிக்கடி கேக்கிற கேள்வியள்

திருகோணமலையில ஏ.எல் இரசாயனவியல் படிக்கிற பிள்ளையள், கம்பஸ்ல படிக்கிற ஆக்கள், பைபர் போட் திருத்துற ஒண்டு ரெண்டு அண்ணாமார் எண்டு கன பேர் இதுகளையே திரும்பத் திரும்பக் கேட்டபடியா எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வைக்கிறன். பாடத்தில மெதேனும் குளோரீனும் வரேக்க "வெளிச்சம் பட்டு குளோரீன் ரெண்டாப் பிளக்குது" எண்டு ஒரு வரியில முடிச்சிடுறம். கீற்றோனுக்கு அப்பிடி ஒரு வரியில முடிக்க ஏலாது. வெளிச்சத்த வாங்கின நேரத்துக்கும் உடையிற நேரத்துக்கும் நடுவில நடக்கிறதுதான் இதில முழு விசயமுமே.

சேர், முதல்ல கீற்றோன் எண்டா என்ன? ஏன் எல்லாரும் அசற்றோனையே பிடிச்சுத் தொங்குறாங்கள்?

காபனைல் எண்டுற காபன்-ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பு, அதின்ர ரெண்டு பக்கமும் காபன் கூட்டம், அவ்வளவுதான் கீற்றோன். ரெண்டு பக்கமும் மெதைல் வந்தா அசற்றோன். கீற்றோன்ல இதுதான் ஆகச் சின்னது, 56 பாகை செல்சியசில கொதிக்குது, அறை வெப்பநிலையிலயே நல்லா ஆவியாகும். அதால வாயு நிலையில பரிசோதனை செய்யிறது லேசு. 1930கள்ள ரொனால்ட் நோரிஷ் கேம்பிரிட்ஜில தொடங்கின வேலை இண்டைக்கும் முடியேல்ல, அதால இதப்பற்றித் தெரிஞ்ச விசயமும் மற்ற கீற்றோனவிட கூட.

எந்த வெளிச்சம் எண்டாலும் சரியா? டோர்ச் அடிச்சா காணாதா?

காணாது. அசற்றோன் தண்ணி மாதிரி நிறமில்லாம இருக்கிறதே கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்த அது எடுக்காது எண்டதுக்கு சாட்சி. அது எடுக்கிறது யூவி, கிட்டத்தட்ட 220 தொடக்கம் 330 நானோமீற்றர் வரைக்கும், ஆகக் கூட எடுக்கிறது 270, 280 பக்கம். ஒட்சிசன்ல பிணைப்பில ஈடுபடாம சும்மா இருக்கிற இலத்திரன் சோடியில ஒண்டு மேல வெறுமையா இருக்கிற பை-ஸ்டார் ஒபிற்றலுக்கு (பிணைப்பப் பலவீனமாக்கிற இலத்திரன் இடம்) ஏறுது, அதத்தான் என்-பை ஸ்டார் மாற்றம் எண்டு சொல்லுறது.

இந்த மாற்றம் சமச்சீர் விதிப்படி பாத்தா நடக்கவே கூடாத ஒண்டு, மூலக்கூறு அதிருறதால மட்டும் கொஞ்சம் நடக்குது. அதால உறிஞ்சல் நல்லாக் குறைவு. ஆனா இலத்திரன் ஏறினாப் பிறகு மூலக்கூறின்ர உருவமே மாறிப் போகுது, காபன்-ஒட்சிசன் பிணைப்பு நீளுது, தட்டையா இருந்த காபனைல் பக்கம் கூம்பு மாதிரி வளையுது. ஏறின கையோட மூலக்கூறு தன்ர புது உருவத்துக்குப் போக அதிரத் தொடங்கும். இத நினைவில வைச்சிருங்கோ, கீழ தேவைப்படும்.

நெயில் பொலிஷ் ரிமூவர் போத்தில வெயிலில வைச்சா ரேடிக்கல் வருமா? எங்கட நிலாவெளி வெயில் சும்மா வெயிலில்லையே!

நிலத்துக்கு வாற சூரிய ஒளியில ஏறத்தாழ 295 நானோமீற்றருக்குக் கீழ ஒண்டுமே இல்ல எண்டு சொல்லலாம், ஓசோன் எடுத்திடுது. ஆக அசற்றோன்ர உறிஞ்சலின்ர வால் பக்கத்தில கொஞ்சம்தான் பொருந்தும். சாதாரண கண்ணாடி அந்தக் கொஞ்சத்திலயும் கனக்கத்த மறிச்சிடும், ஆய்வுகூடத்தில இதுக்கு குவார்ட்ஸ் பாத்திரம் பாவிக்கிறது அதாலதான். போத்தில்ல நடக்கிறது மிகக் குறைவு.

நீங்கள் பயப்பட வேண்டியது ரேடிக்கலுக்கு (சோடியில்லாத இலத்திரனோட நிக்கிற மூலக்கூறுத் துண்டு) இல்ல, நெருப்புக்கு. அசற்றோன் கழிய (மைனஸ்) 20 பாகையிலயே தீப்பிடிக்கக்கூடிய ஆவியக் குடுக்கும், அந்த ஆவி காத்தவிட ரெண்டு மடங்கு பாரம், நிலத்தோட ஊர்ந்து அடுப்பு இருக்கிற இடத்துக்குப் போகும். வெயிலில வைக்க வேண்டாம், மூடாமலும் வைக்க வேண்டாம். கொரோனா நேரம் கிருமி கொல்ல எண்டு வித்த 254 நானோமீற்றர் யூவி லைட்ட வீட்டில வைச்சிருக்கிறவை அதால இந்தப் பரிசோதனையச் செய்து பாக்கவும் வேண்டாம், கண்ணும் தோலும் பழுதாப் போகும், அதோட வாற விளைவுகள்ல காபனோரொட்சைட்டும் இருக்கு.

280 நானோமீற்றர் போட்டோன்ல பிணைப்ப உடைக்கத் தேவையான சக்தியவிட கூட இருக்கே, அப்ப பட்ட உடன உடையத்தானே வேணும்?

கணக்கு சரி, முடிவுதான் பிழை. 1,19,600 ஐ அலைநீளத்தால (நானோமீற்றர்ல) பிரிச்சா ஒரு மூலுக்கு எத்தின கிலோயூல் எண்டு வரும். 280க்கு 427. அசற்றோன்ல காபன்-காபன் பிணைப்ப உடைக்க ஏறத்தாழ 350 போதும். மிச்சமே 70க்கு மேல இருக்கு.

ஆனா அந்த சக்தி வந்து விழுந்தது காபன்-காபன் பிணைப்பில இல்ல, ஒட்சிசன் பக்கத்து இலத்திரன்ல. அங்கயிருந்து பிணைப்புக்குப் போய்ச் சேர வேணும், போற வழியில ஒரு மேடும் ஏற வேணும். அது நடக்கிறதுக்குள்ள மூலக்கூறுக்கு வேற வழியளும் திறந்திருக்கு, ஒளியா விடலாம், வெப்பமா விடலாம், ட்ரிப்லெட் எண்டுற இன்னொரு நிலைக்கு மாறலாம் (அடுத்த கேள்வியில வருது), பக்கத்து மூலக்கூறில மோதி சக்தியக் குடுத்திடலாம். இதில எது வேகமோ அது வெல்லும். உடையப் போதுமான சக்தி இருக்கிறதும் உண்மையா உடையிறதும் ரெண்டு வேற கேள்வி, ஏ.எல் பிள்ளையள் ஆகக் கூட குழம்புற இடம் இதுதான், தயவு செய்து இந்தப் பதில ரெண்டு தரம் வாசியுங்கோ.

சிங்லெட், ட்ரிப்லெட் எண்டு சொல்லுறீங்கள், எனக்கு மண்டைக்குள்ள ஏறுதில்ல

ஏறின இலத்திரனுக்கும் கீழ நிண்ட அதின்ர சோடிக்கும் ஸ்பின் (சுழற்சி) எதிர்எதிரா இருந்தா சிங்லெட், ஒரே பக்கமா இருந்தா ட்ரிப்லெட். ஒளி பட்ட உடன கிடைக்கிறது சிங்லெட், ஏனெண்டா ஒளி ஸ்பின்ன மாத்தாது. ட்ரிப்லெட் அதவிட சக்தி குறைஞ்சது, அசற்றோனுக்கு சிங்லெட் 364 கிலோயூல் பக்கம், ட்ரிப்லெட் 332 பக்கம்.

சிங்லெட்ல இருந்து ட்ரிப்லெட்டுக்குப் போக ஸ்பின் திரும்ப வேணும், அது லேசில நடக்காது. அதிலயும் அசற்றோன்ல ரெண்டு நிலையும் என்-பை ஸ்டார் வகை, எல்-சயெட் விதிப்படி ஒரே வகைக்குள்ள கடக்கிறது இன்னும் மெதுவு. ரெண்டு நானோசெக்கன் அளவு எடுக்குது. அப்பிடி மெதுவா இருந்தும் கிட்டத்தட்ட எல்லா மூலக்கூறும் ட்ரிப்லெட்டுக்குத்தான் போகுது! கிண்ணியாப் பாலம் 2009ல திறக்க முன்னம் நாங்கள் பாதையில (சனத்தையும் வாகனத்தையும் ஏத்துற மிதவைப் படகு) ஏறிக் கடந்தது ஞாபகம் இருக்கும், பாதை மெதுவுதான், எண்டாலும் சுத்திப் போறது அதவிட மெதுவு எண்டபடியா சனம் பாதையிலதான் போனது. இங்கயும் அதே கணக்கு. வேகம் எவ்வளவு எண்டது முக்கியமில்ல, மத்த வழியோட ஒப்பிட்டா எப்பிடி எண்டதுதான் முக்கியம்.

"ரிலாக்ஸ் ஆகுது" எண்டா சரியா என்ன அர்த்தம்? ஒளியா வெளிய வருமா?

கொஞ்சம் வரும். நீல நிறத்தில ஒரு மெல்லிய ஒளிர்வு, 350 தொடக்கம் 550 நானோமீற்றர் வரைக்கும். ஆனா ஆயிரம் போட்டோன் உள்ள போனா ரெண்டு அளவுதான் அப்பிடித் திரும்பி வரும். குறைவு எண்டாலும் உதவாம இல்ல, எஞ்சினுக்குள்ள எரிபொருளும் காத்தும் எப்பிடிக் கலக்குது எண்டு பாக்க காத்தோட அசற்றோன் ஆவி கொஞ்சம் சேத்து, 266 அல்லது 308 நானோமீற்றர் லேசர் அடிச்சு, அந்த நீலத்தப் படம் எடுக்கிறாங்கள்.

மிச்சமெல்லாம் ஒளியில்லாத வழி. மூலக்கூறு முதல் ஏறேக்க அதிர்வில கனக்க சக்தியோட சூடா இருக்கும் (ரெண்டாவது பதிலில சொன்ன உருவ மாற்றம்). பக்கத்து மூலக்கூறுகளில மோத மோத அந்தச் சூடு கொஞ்சம் கொஞ்சமாக் கழண்டு போகும். சாதாரண வளியமுக்கத்தில ரெண்டு நானோசெக்கனுக்குள்ள பத்து இருபது மோதல் நடந்திடும். ஆறிப்போன ட்ரிப்லெட்டோ இருநூறு மைக்ரோசெக்கன் அளவுக்குத் தாக்குப் பிடிக்கும், மூலக்கூறுக்கு அது பெரிய ஆயுள்.

சரி, எப்பதான் உடையும்? உடைஞ்சா என்ன வரும்?

ட்ரிப்லெட்ல இருந்து காபனைலுக்குப் பக்கத்துக் காபன்-காபன் பிணைப்பு உடையும். ஒரு பக்கம் மெதைல் ரேடிக்கல், மற்றப் பக்கம் அசற்றைல் ரேடிக்கல். பாடப் புத்தகத்தில வாற சுயாதீன மூலிகம்தான், நான் ரேடிக்கல் எண்டே எழுதுறன். இதத்தான் நோரிஷ் வகை ஒண்டு எண்டு சொல்லுறது.

ட்ரிப்லெட்ல நிண்டு உடைய ஒரு மேடு இருக்கு, 60 கிலோயூலுக்குக் கொஞ்சம் மேல. ட்ரிப்லெட்டின்ர 332ஓட இதக் கூட்டினா 390, 395 பக்கம் வரும், அலைநீளத்துக்கு மாத்தினா 305 நானோமீற்றர் அளவு. அதவிடக் குட்டை அலைநீளம் எண்டா மூலக்கூறுகிட்ட மேட்டத் தாண்டப் போதுமான சக்தி கையிலயே இருக்கு, ஆற விடாட்டி கெதியா உடையும். அதவிட நீளமான அலை எண்டா சுத்தியிருக்கிற வெப்பத்திலயிருந்து மிச்சத்தக் கடன் வாங்க வேணும், அதால வெப்பநிலை கூடினாத்தான் உடையும்.

அசற்றைல் அப்பிடியே இருக்குமா? பரீட்சையில காபனோரொட்சைட் எழுதினனான், சரி போட்டாங்கள்

சரிதான், ஆனா நிபந்தனையோட. அசற்றைல் திரும்ப உடைஞ்சா மெதைலும் காபனோரொட்சைட்டும் வரும். அதுக்கும் மேடு இருக்கு, 70 கிலோயூல் அளவு. அறை வெப்பநிலையில 313 நானோமீற்றர் அடிச்சா கன அசற்றைல் உடையாம நிக்கும், 120 பாகைக்கு மேல சூடாக்கினா கிட்டத்தட்ட எல்லாமே உடைஞ்சு, உறிஞ்சின ஒரு போட்டோனுக்கு ஒரு காபனோரொட்சைட் எண்ட கணக்கில வரும். போட்டோன்ர சக்தி கூடினாலும் இதே மாதிரித்தான், முதல் உடைவில மிஞ்சின சக்திய அசற்றைல் காவிக்கொண்டு போய் தானாவே உடையும்.

பிறகு மெதைல் ரெண்டு சேந்தா எதேன். அசற்றைல் ரெண்டு சேந்தா பைஅசற்றைல். மெதைலும் அசற்றைலும் சேந்தா பழையபடி அசற்றோன், ஒண்டுமே நடக்காத மாதிரி. சூடு கூடேக்க மெதைல் இன்னொரு அசற்றோன்ர ஐதரசனப் பிடுங்கி மெதேனாகும். கிடைச்ச வாயுவில எதேனும் மெதேனும் என்ன விகிதம் எண்டு பாத்தே உள்ள என்ன நடந்தது எண்டு சொல்லலாம், எனக்கு இந்தத் துப்பறியிற வேலை நல்லாப் பிடிக்கும்.

அமுக்கத்தக் கூட்டினா மோதல் கூடும், மோதல் கூடினா தாக்கம் கூடத்தானே வேணும்? ஏன் குறையுது?

சாதாரண தாக்கத்தில மோதல் சக்தியக் கொண்டு வருது. இங்க சக்தி ஏற்கெனவே ஒளியால வந்திட்டுது, மோதல் அத எடுத்துக்கொண்டு போகுது. சூடா இருக்கிற மூலக்கூறு உடைய முன்னம் ஆறிப்போனா அந்த மேட்டுக்குக் கீழ விழுந்திடும். அமுக்கம் கூடக் கூட ஆறுறது வேகமாகும், குவாண்டம் விளைச்சல் (உறிஞ்சின ஒரு போட்டோனுக்கு எத்தின மூலக்கூறு உடையுது எண்ட கணக்கு) குறையும். நாலாவது கேள்வியில சொன்ன போட்டி இதுதான், அதில நாங்கள் கையால திருப்பக்கூடிய ஒரு திருகு அமுக்கம்.

இத வரைபில போட்டா வடிவா இருக்கும். விளைச்சலின்ர தலைகீழ (ஒண்டின் கீழ் விளைச்சல்) அமுக்கத்துக்கு எதிராக் கீறினா நேர்கோடு, ஸ்டேர்ன்-வோல்மர் கோடு எண்டு சொல்லுறது. சரிவ வைச்சு உடையிற வேகத்துக்கும் ஆறுற வேகத்துக்கும் உள்ள விகிதத்த எடுக்கலாம். கோடு வளைஞ்சா ஒண்டுக்கு மேற்பட்ட நிலையில இருந்து உடைவு நடக்குது எண்டு சந்தேகப்பட வேணும்.

ரேடிக்கல் கண் மூடித் திறக்க முன்னம் போயிடும் எண்டுறீங்கள், அப்ப அது இருந்தது எண்டு எப்பிடித் தெரியும்?

1929ல பனெத் எண்டவர் செய்ததப் பாருங்கோ. குழாய்க்குள்ள ஈயத்த மெல்லிய கண்ணாடி மாதிரிப் படிய வைச்சு, மெதைல் ரேடிக்கல் கலந்த வாயுவ ஓட விட்டார், ஈயப் படலம் கரைஞ்சு காணாமப் போச்சு. மெதைல் ஈயத்தோட சேந்து ஆவியாப் போயிட்டுது. வெறும் கண்ணால பாத்த ஆதாரம், அந்தக் காலத்து உபகரணத்தோட.

பிறகு நோரிஷும் ஜோர்ஜ் போர்ட்டரும் ஒரு பலமான ஒளி வெட்டக் குடுத்து உடைச்சுப்போட்டு, உடன இன்னொரு வெட்டால அந்த நேரத்து உறிஞ்சலப் பதியிற முறையக் கொண்டு வந்தாங்கள். அதுக்கு 1967ல மன்ஃப்ரெட் ஐகனோட சேத்து நோபல் பரிசு.

யூவி அடிச்சுக்கொண்டிருக்க நீலம் பச்சையா மாறுது எண்டு வாசிச்சன், ஏன்?

ரெண்டு அசற்றைல் சேந்து வந்த பைஅசற்றைல்தான் காரணம். அதின்ர ட்ரிப்லெட் அசற்றோன்ர ட்ரிப்லெட்டவிட கீழ இருக்கு, அதால அசற்றோன் ட்ரிப்லெட் மோதி தன்ர சக்திய அப்பிடியே குடுத்திடும். வாங்கின பைஅசற்றைல் ஆறுதலா, மில்லிசெக்கன் கணக்கில, பச்சையா விடும்.

ஒட்சிசன் கொஞ்சம் கலந்தா பச்சை போயிடும், நீலம் நிக்கும். ஒட்சிசனே ட்ரிப்லெட் வகை, மற்ற ட்ரிப்லெட்ட அணைச்சிடும். நீலம் சிங்லெட்ல இருந்து வாறது, அதுக்கு ரெண்டு நானோசெக்கன் ஆயுள்தான், அதுக்குள்ள ஒட்சிசன் வந்து சேர நேரம் காணாது.

பெரிய கீற்றோன் எண்டாலும் இதே கதையா?

இல்ல. பியூட்டனோன்ல ஒரு பக்கம் மெதைல், மற்றப் பக்கம் எதைல். எதைல் பக்கம்தான் கூட உடையும், ஏனெண்டா எதைல் ரேடிக்கல் உறுதி கூடினது. ஆனா போட்டோன்ர சக்தி கூடினா அந்தத் தெரிவு மங்கிப்போகும்.

2-பென்டனோனுக்கு வந்தா புது வழி ஒண்டு திறக்குது. சங்கிலி நீளம் போதுமானபடியா ஒட்சிசன் வளைஞ்சு போய் காமா காபன்ல (காபனைல்ல இருந்து மூண்டாவது காபன்) உள்ள ஐதரசனப் பிடுங்கும், பிறகு நடுவில முறிஞ்சு எதீனும் அசற்றோன்ர ஈனோல் வடிவமும் வரும், ஈனோல் பேந்து அசற்றோனா மாறிடும். இது நோரிஷ் வகை ரெண்டு. இதில தனி ரேடிக்கல் வெளிய வராது. அசற்றோனிலயும் பியூட்டனோனிலயும் காமா ஐதரசன் இல்ல, அதால அதுகளுக்கு இந்த வழி கிடையாது.

தம்பி, போட்டுக்கு பைபர் அடிக்கேக்க போடுற ஹார்ட்னரும் கீற்றோன் தானே, அது ஏன் வெளிச்சமில்லாமலே இறுகுது?

அண்ணை, அதின்ர பேர் மெதைல் எதைல் கீற்றோன் பெரொக்சைட், எம்ஈகேபி. கீற்றோன்ல இருந்து செய்ததுதான், ஆனா உள்ள ஒட்சிசன்-ஒட்சிசன் பிணைப்பு வந்திட்டுது, அதின்ர பலம் காபன்-காபன் பிணைப்பின்ர பாதி அளவுதான். அத உடைக்க யூவி தேவையில்ல, ரெசின்ல கலந்திருக்கிற கோபால்ட்டே அறை வெப்பநிலையில உடைச்சு ரேடிக்கல் ஆக்கிடும், ரேடிக்கல் ரெசின்ல உள்ள ஸ்டைரீனப் பிடிச்சு சங்கிலியா இறுக்கும். தூரிகை கழுவுற அசற்றோன் இந்த வேலை செய்யாது.

ஒண்டக் கட்டாயம் சொல்ல வேணும். கோபால்ட்டையும் எம்ஈகேபியையும் நேர ஒண்டா ஊத்தக் கூடாது, வெடிக்கும். முதல் கோபால்ட்ட ரெசின்ல நல்லாக் கலந்து, பிறகுதான் ஹார்ட்னர். கண்ணுக்கு ஏதாவது போடாம அளக்கவும் வேண்டாம், ஒரு துளி கண்ணில பட்டா பார்வை போகலாம்.

பல்லு அடைக்கேக்க நீல லைட் பிடிக்கிறாங்களே, அதுவும் இதுவா?

அதே குடும்பம். உள்ள இருக்கிறது கனக்க காம்பர்குயினோன், ரெண்டு காபனைல் பக்கத்துப் பக்கத்தில இருக்கிறதால உறிஞ்சல் 468 நானோமீற்றர் நீலத்துக்கே வந்திடுது, வாய்க்குள்ள யூவி தேவையில்ல. அதின்ர ட்ரிப்லெட் தானா உடையாது, கூடப் போட்ட அமீன்ல இருந்து ஐதரசன எடுத்து ரேடிக்கல் ஆக்கும்.

பென்சோபீனோனும் அப்பிடித்தான். பத்து பிக்கோசெக்கன் அளவில ட்ரிப்லெட்டுக்குப் போயிடும், ஆனா அந்தச் சக்தி பென்சீன் வளையப் பக்கத்துப் பிணைப்ப உடைக்கக் காணாது. அதால பக்கத்தில இருக்கிற அற்ககோல்ல ஐதரசனப் பிடுங்கும். இத்தாலியில பொலோஞ்ஞாவில சியாமிச்சியான் 1900 பக்கம் வெறும் வெயிலில வைச்சே இதச் செய்து காட்டினவர்.

193 நானோமீற்றர் லேசர் அடிச்சா ரெண்டு மெதைலும் ஒரேயடியாக் கழண்டுதா, ஒண்டு போய் ஒண்டா?

ஒண்டு போய் ஒண்டு. அங்க போட்டோனுக்கு 620 கிலோயூல், ஏறுறது என்-பை ஸ்டாருக்கு இல்ல, அதவிட மேல உள்ள ரிட்பேர்க் நிலைக்கு (இலத்திரன் மூலக்கூறவிட்டு நல்லாத் தள்ளி நிக்கிற நிலை). முடிவில ரெண்டு மெதைலும் ஒரு காபனோரொட்சைட்டும் மிஞ்சுறபடியா ஒரேயடியா நடந்தது எண்டு நினைக்கத் தோணும். அஹமட் செவெய்ல் குழு அசற்றோன அந்த உயரத்துக்கு ஏத்தி பெம்டோசெக்கன் (நானோசெக்கன்ல பத்து லட்சத்தில ஒரு பங்கு) லேசரால பாத்தது, முதல் பிணைப்பு நூறு பெம்டோசெக்கனுக்குள்ள போகுது, ரெண்டாவது அதுக்குப் பிறகு சில நூறு பெம்டோசெக்கன் கழிச்சு. அந்த இடைவெளியில அசற்றைல் உண்மையா இருக்குது.

வானத்தில இருக்கிற அசற்றோனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், இதுவரைக்கும் சொன்ன எல்லாம் ஒரே நேரத்தில வேலை செய்யிற இடம் அதுதான். மரஞ்செடியில இருந்தும் வேற சேதனச் சேர்வைகள் ஒட்சியேறியும் அசற்றோன் காத்தில சேருது. பத்து கிலோமீற்றர் உயரத்தில நீராவி குறைவு, அதால ஐதரொட்சில் ரேடிக்கல் வாற வழக்கமான வழியும் மெலிஞ்சுபோகும், அங்க அசற்றோன் உடையிறது ரேடிக்கலுக்கு ஒரு முக்கிய மூலம். மெதைலும் அசற்றைலும் உடன ஒட்சிசனப் பிடிச்சு பெரொட்சி ரேடிக்கலாகும், அசற்றைல்ல இருந்து வந்தது நைதரசன் ஈரொட்சைட்டோட சேந்தா பான் (பெரொட்சிஅசற்றைல் நைத்திரேற்று) எண்டுற சேர்வை. குளிர்ல பான் உடையாது, அதால நைதரசன் ஒட்சைட்ட ஒரு நாட்டில இருந்து இன்னொரு நாட்டுக்குக் காவிக்கொண்டு போய், காத்து கீழ இறங்கி சூடாகிற இடத்தில விட்டிடும்.

உடையிற அளவக் கணக்கிடுறதுதான் கஷ்டம். மேல அமுக்கம் குறைவு, அதால ஆறுறது மெதுவு, உடைவு கூட வேணும். ஆனா குளிர் கழிய 50 பாகை அளவு, நீளமான அலை வாங்கின மூலக்கூறுக்கு மேடு தாண்டக் கடன் கிடைக்காது, உடைவு குறைய வேணும். 2004ல வந்த அளவீடுகள் ரெண்டாவது விசயம் முந்தி நினைச்சதவிடப் பலம் எண்டு காட்டிச்சு, 300 நானோமீற்றருக்கு மேல குளிர்ல விளைச்சல் நல்லா விழுகுது. அதுக்குப் பிறகு மேல் வளிமண்டலக் கணக்குகள்ல அசற்றோன்ர பங்கக் குறைக்க வேண்டி வந்தது.